வன்னி வளவுகளில் குளவிக்கூடு: எப்போது தேடுவது, எதை விட்டுவிடுவது

இலங்கையின் வடபகுதியிலுள்ள வன்னியில் குளவிகளை முடக்கிப்போடும் குளிர்காலம் இல்லாததால், கூடு கட்டும் வேலை ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு மூலையில் நடந்துகொண்டுதான் இருக்கும். ஆயினும் மழையும் வெயிலும் அதன் வேகத்தை மாற்றுகின்றன. ஐப்பசியில் மாரி தொடங்கிப் பற்றைகள் தளிர்த்ததும் பச்சைப் புழுக்கள் பெருகும். குளவிகள் தம் குடம்பிகளுக்கு, அதாவது கூட்டிலுள்ள இளம் புழுக்களுக்கு, மென்று ஊட்டுவது பெரும்பாலும் இத்தகைய பூச்சிகளையே என்பதால், கூடு பருப்பதற்கு அது நல்ல காலம். சோளகம் வீசி நிலம் காயும் மாதங்களில் அவை கிணற்றடிக்கும் தொட்டி விளிம்புக்கும் வருவதைக் காணலாம். அந்தத் தண்ணீர் குடிப்பதற்கு மட்டுமன்று, கூட்டை நனைத்துக் குளிர்விக்கவும் உதவுகிறது.

ஆகவே ஆவணி, புரட்டாதியில் கூரை வேயவும் வேலி அடைக்கவும் தொடங்குமுன் வளவை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். கிடுகின் அடிப்பக்கம், மாட்டுக்கொட்டிலின் வளை, பாவிக்காத தண்ணீர்த்தாங்கி, யன்னல் மேற்கட்டு ஆகியவற்றைத் தவறவிடக் கூடாது. வெயிலில் நரைத்த வேலிக்கட்டையில் மெல்லிய வெளிறிய கோடுகள் தெரிந்தால், குளவி அங்கே மரநாரைச் சுரண்டியிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த நாரை உமிழ்நீருடன் மென்றுதான் அது கடதாசி போன்ற கூட்டைக் கட்டுகிறது. மழை தொடங்கிய பின்னரும் இடையிடையே பார்ப்பது நல்லது.

கண்டது எவ்வகை என்பதில்தான் மற்றதெல்லாம் தங்கியிருக்கிறது. சுவரில் ஒட்டிய மண்கூடு தனித்து வாழும் குளவியுடையது. அதனால் தொல்லை அரிது. ஒரு காம்பில் தொங்கி, அறைகள் திறந்தபடி தெரியும் சிறு கூடு, மெலிந்த உடலுடைய சிறு குளவிகளுடையது. பந்துபோல உறை மூடி, ஒரு வாசல் மட்டும் உள்ள கூடு, கறுத்த உடலில் செம்மஞ்சள் பட்டை கொண்ட பெருங்குளவியுடையதாக இருக்கும். பெருங்குளவிகளில் ஒரு வகை சிறு குளவிகளின் கூட்டைக் கொள்ளையிட்டுக் குடம்பிகளைத் தூக்கிச் செல்லும். எனவே கூரையடியில் சிறு கூடொன்று திடீரென வெறுமையாகக் கிழிந்து கிடந்தால், சுற்றிலுமுள்ள மரப்பொந்துகளைத் தூரத்தில் நின்று கவனியுங்கள்.

ஆட்கள் நடமாடாத மூலையில் உள்ள சிறு கூட்டை அப்படியே விடுவதே என் விருப்பம். கத்தரிப் பாத்திப் புழுக்களை அவை கூலியின்றிப் பொறுக்கும். வாசற்படிக்கு மேலே கட்டினால், ஒரே ஒரு குளவி மட்டும் காவலிருக்கும் தொடக்க நிலையிலேயே, அது இரைதேடிப் போன வேளை பார்த்து நீண்ட தடியால் கூட்டைத் தட்டி, காம்பு இருந்த இடத்தையும் சுரண்டிவிடுங்கள். குளவிகள் திரண்ட பின் இம்முறை உதவாது. பெருங்குளவிக் கூட்டை ஒருபோதும் நீங்களே தொட வேண்டாம். பந்தம் கொளுத்துவது ஓலைக்கூரை வீட்டையே எரித்துவிடும். கல்லெறிவது கூட்டம் முழுவதையும் கிளப்பிவிடும். கட்டிய மாடும் ஆடும் ஓட முடியாதவை என்பதால் முதலில் அவற்றை அகற்றிக் கட்டிவிட்டு, பிள்ளைகளையும் தடுத்து, பாதுகாப்பு உடையுடன் இவ்வேலை செய்து பழகியவரை அழையுங்கள்.

குளவிகள் துரத்தினால் கையை வீசிக்கொண்டு நிற்காமல் முகத்தை மூடியபடி விலகி ஓடி, வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். கிணற்றிலோ குளத்திலோ குதிப்பது வேறு ஆபத்து. குளவி ஒன்றே பலமுறை கொட்டக்கூடியது. கொட்டிய இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குளிர்ந்த துணியை வைத்து, வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், பூச வேண்டாம். மூச்சுத்திணறல், உதடு அல்லது முகம் வீங்குதல், தலைச்சுற்று, வாந்தி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், பல இடங்களில் கொட்டியிருந்தாலும் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழைக்க வேண்டும். பல கொட்டுகள் வாங்கியவருக்கு அடுத்த சில நாள்களில் சிறுநீர் குறைந்தாலோ கறுத்துப் போனாலோ, அது சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், வலி அடங்கியிருந்தாலும் தாமதியாமல் மீண்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள்.