கட்டை யாருடையது? புதுப் பாட்டு வாத்தியார்களுக்குச் சில எச்சரிக்கைகள்

போன மாதம் கொடுங்கையூரில் என் பழைய மாணவி நடத்தும் வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். மொட்டை மாடி, தகரக் கூரை, பாய் விரித்து 12 பிள்ளைகள். நன்றாகத்தான் சொல்லித் தருகிறாள். ஆனால் இருபது வருடங்களுக்கு முன் நான் செய்த தவறுகளில் பாதியை அரை மணி நேரத்தில் செய்து முடித்துவிட்டாள். என்னிடம் படித்த தோஷமோ என்னவோ!

நேரத்துக்கு வகுப்பைத் தொடங்குங்கள், பிள்ளைகள் மேல் கை வைக்காதீர்கள் என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு வருகிறேன்.

உங்கள் தொண்டைக்குச் சுருதி வைப்பது

அன்று கடைசி வரிசையில் ஒரு பையன் மேல் ஸட்ஜம் (உச்சியில் வரும் ‘ஸ’) வரும்போதெல்லாம் வாயை மட்டும் அசைத்தான். கேட்டேன். “அவனுக்குச் சளி மிஸ்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

கட்டை என்பது ‘ஸ’ எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கான அளவு. பொதுவாகப் பெண்களுக்கு 5, 5½ கட்டை, ஆண்களுக்கு 1, 1½ கட்டை சௌகரியம். சின்னப் பையன்களும் நம்மைப் போலவே 5 கட்டையில் பாடிவிடுவார்கள். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். 12, 13 வயதுவாக்கில் குரல்வளை வளர்ந்து, குரல்நாண் நீண்டு தடிக்கிறது. குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி (ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’ வரை) கீழே இறங்கிவிடும். போன மாதம் வந்த மேல் ஸட்ஜம் இந்த மாதம் வராது. அது சளியும் இல்லை, சோம்பலும் இல்லை.

எனக்கு இது புரிய ஒரு பையனை இழக்க வேண்டியிருந்தது. காசிமேட்டிலிருந்து 8 வயதில் வந்தான். அப்பா விசைப்படகில் போகிறவர். ஸ்வரங்களை இரட்டித்துப் பாடும் ஜண்டை வரிசையை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பிசகாமல் பாடுவான். 13 வயதில் குரல் கரகரத்தது. “மிளகுப் பால் குடி” என்றேன். அப்புறம், “அடிவயிற்றிலிருந்து எடுடா” என்றேன். நவராத்திரிக்கு ஒரு கோயிலில் பிள்ளைகளைப் பாட வைத்தபோது அவனுக்குத் தனியாக ஒரு வர்ணம். சுருதி 5½. பெண் பிள்ளைகள் பாடி முடித்ததும் சுருதிப் பெட்டியின் திருகைத் திருப்ப அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் திருப்பவில்லை. பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் மேலே போன இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. கூட்டம் சிரித்தது. நான் தாளத்தை நிறுத்தாமல் அவனை முறைத்தேன்.

அதோடு அவன் வரவில்லை. சந்தையில் அவன் அம்மாவைப் பார்த்தபோது, “அவனுக்குத் தொண்டை போயிடுச்சாம் மிஸ், பாட்டு வேணாம்கிறான்” என்றார். தொண்டை எங்கே போனது? இறங்கியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்துத் தெருமுனையில் கூட்டாளிகளோடு கானா பாடிக்கொண்டிருந்தான். கணீரென்று 1½ கட்டை. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

மாதம் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகப் பாட வைத்துப் பாருங்கள். கீழே மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ‘ப’) காதில் விழ வேண்டும். மேலே ஸட்ஜம் கழுத்து நரம்பு புடைக்காமல் வர வேண்டும். குரல் உடைகிற பையனுக்கு அரை அரைக் கட்டையாக இறக்குங்கள். அந்த மாதங்களில் மேல் ஸ்தாயியை விட்டுவிட்டு, தாளம் போடவும் ஸ்வரம் எழுதவும் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இப்படி ஆகும் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.

சரளியை ஓட்டுவது

“எப்ப மிஸ் பாட்டு வரும்?” என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்கட்டும். முதல் ஸ்வரப் பயிற்சியான சரளியைப் பாடும் ராகமான மாயாமாளவகௌளையில் ரி ஸட்ஜத்தை ஒட்டியும், க மத்யமத்தை ஒட்டியும், த பஞ்சமத்தை ஒட்டியும், நி மேல் ஸட்ஜத்தை ஒட்டியும் நிற்கின்றன. அந்த நெருக்கம் காதில் பதியாமல் இரண்டாம் காலத்துக்குப் போனால், ரி எங்கே நிற்கிறது என்று பிள்ளைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

கானா பையனை மட்டம் தட்டுவது

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பிள்ளைகள் பெஞ்சில் தட்டியே தாளத்தோடு வருகிறார்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தட்டு, விரல், வீச்சு என்று கையை வைக்கும் முறையைக் காட்டினால் போதும். “அந்தப் பாட்டெல்லாம் இங்கே பாடாதே” என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள், தாளத்தையும் வாசலிலேயே விட்டுவிட்டு வருவான். ராயபுரத்தில் சர்ச் கொயரில் பாடும் பிள்ளைகள் வேறு ரகம். சுருதி கம்பி மாதிரி நிற்கும், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம்தான் லேசில் வராது. இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் பாதி வேலை தானாக நடக்கும்.

மயிலாப்பூர் ஏக்கம்

“நல்ல வாத்தியார் அங்கதானே இருப்பாங்க” என்று நம் பெற்றோரே சொல்வார்கள், நாமும் தலையாட்டுவோம். ஆனால் தியாகராஜர் ஐந்து கீர்த்தனை பாடியது நம் வடசென்னையின் திருவொற்றியூர் அம்மன் மேல். அவருடைய சீடர் வீணை குப்பையர் வாழ்ந்தது முத்தியாலுப்பேட்டையில். இதைச் சொல்லுங்கள்.

போன் சுருதி

தனி ஸ்பீக்கர் இல்லாமல் வேண்டாம். போனில் மந்தரம் கேட்காது.

கட்டணம்

5ஆம் தேதிக்குள் வாங்கிவிடுங்கள்.