ஆக்சிஜன் வைப்பது எப்படி? வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர்களுக்கு

"ஆக்சிஜன் வைங்க சிஸ்டர்" என்று மட்டும் சொன்னால் அது பாதி ஆர்டர்தான். எதில் வைப்பது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் சதவீதம்) எதற்குள் நிற்க வேண்டும், இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவு தெரியாமல் ஒரு ஊசி போட மாட்டோம் அல்லவா? ஆக்சிஜனும் மருந்துதான். காற்றுதானே, கொஞ்சம் கூடப் போனால் என்ன என்று நினைக்கும்போதுதான் தப்பு நடக்கிறது.

பெரும்பாலான பெரியவர்களுக்கு இலக்கு 94 முதல் 98 சதவீதம். சிஓபிடி போன்ற நாள்பட்ட நுரையீரல் நோயால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கக்கூடியவர்களுக்கு 88 முதல் 92. இந்த இரண்டாவது கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நோயாளி உயிருக்குப் போராடும் நிலையில் இருந்தால் ஆர்டருக்காகக் காத்திருக்கக் கூடாது. 'நான்-ரீபிரீதர்' எனப்படும் பை வைத்த மாஸ்க்கை 15 லிட்டரில் வைத்துவிட்டு, குரல் கொடுத்து ஆள் கூப்பிடுங்கள். அளவைக் குறைப்பதெல்லாம் நிலைமை கைக்கு வந்த பிறகு.

படி 1: முதலில் ஆளைப் பாருங்கள்

ரத்த அழுத்தம் மிகவும் குறைந்திருந்தாலோ முதுகெலும்பில் அடிபட்டிருந்தாலோ தவிர, தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவையுங்கள். சிலருக்கு இதிலேயே மூச்சு கொஞ்சம் தணியும். பிறகு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டாம்; சொன்னால் மூச்சின் போக்கே மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பைக் கவனியுங்கள். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்கிறாரா, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா என்பதும் முக்கியம்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டியதும் சாச்சுரேஷனை மட்டும் பார்க்காதீர்கள். அது காட்டும் நாடித் துடிப்பும் உங்கள் விரல் உணரும் துடிப்பும் ஒத்துப்போகிறதா? போகாவிட்டால் அந்தச் சாச்சுரேஷனையும் நம்ப வேண்டாம். நகப்பூச்சு, ஜில்லிட்ட விரல், நடுக்கம் எல்லாம் கணக்கைக் கெடுக்கும். விரலைச் சூடாக்கி, அல்லது வேறு விரலில் மாற்றிப் பாருங்கள். கரும்புகை சூழ்ந்த இடத்திலிருந்து மீட்கப்பட்டவருக்குக் கருவி நல்ல எண்ணையே காட்டும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை அதால் பிரித்தறிய முடியாது.

படி 2: சுவரிலிருந்து மூக்குவரை

ஃப்ளோமீட்டரை (எத்தனை லிட்டர் போகிறது என்று உள்ளே இருக்கும் பந்தால் காட்டும் கருவி) சுவர் முனையில் 'கிளிக்' என்று விழும்வரை அழுத்தி, ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மருத்துவக் காற்றுக்கான முனையும் பக்கத்திலேயே இருக்கும் வார்டுகள் உண்டு. அவசரத்தில் குழாயை அந்த ஃப்ளோமீட்டரில் செருகிவிட்டால், பந்து ஒழுங்காக மேலே நிற்கும், நோயாளிக்குப் போவது வெறும் காற்றாக இருக்கும். முனையின் மேலே எழுதியிருப்பதை ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

திருகைத் திறக்கும்போது கண்மட்டத்தில் நின்று, பந்தின் நடுப்பகுதி கோட்டுக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் அளவு பொய்யாகிவிடும்.

ஆக்சிஜனை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபயர் பாட்டில், நிமிடத்துக்கு 4 லிட்டர்வரை பெரும்பாலும் தேவைப்படாது. வைப்பதாக இருந்தால், கிருமி நீக்கிய நீரை இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஊற்றுங்கள். பழைய நீரின் மேலேயே புது நீரை ஊற்றி நிரப்புவது கிருமி வளர்ப்பதற்குச் சமம்.

மாணவியாக இருந்தபோது நடந்தது. இரவு டூட்டி. ஒரு பெரியவருக்கு 2 லிட்டர் போய்க்கொண்டிருந்தது, சாச்சுரேஷன் இறங்கியது. 3 ஆக்கினேன், 4 ஆக்கினேன், ஏறவில்லை. சீனியர் அக்கா வந்தார். மானிட்டர் பக்கமே திரும்பாமல் நேராகப் பாட்டிலைப் பார்த்தார். குழாய் முனையில் கை வைத்தார், காற்று இல்லை. மூடியைக் கழற்றி மறுபடி திருகினார், அவ்வளவுதான். நான் மூடியைக் கோணலாக மாட்டியிருந்தேன். ஆக்சிஜன் முழுவதும் அதன் விளிம்பு வழியாக அறைக்குள் போய்க்கொண்டிருந்தது. பந்து மட்டும் சமர்த்தாக 4இல் நின்றுகொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் விடாமல் செய்யும் சோதனை இது. 2 லிட்டர் திறந்து குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். குழாயை மடக்கிப் பிடிப்பேன்; பாட்டிலின் வால்வு விசிலடிக்க வேண்டும். விட்டுவிட்டு, குழாய் முனையைப் புறங்கையில் வைத்தால் காற்று உரச வேண்டும். அப்புறம் சுவரிலிருந்து முனைவரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே போவேன். கட்டில் சக்கரத்தின் அடியிலோ நோயாளியின் முதுகின் அடியிலோ அது நசுங்கிக் கிடக்கலாம்.

படி 3: எதில் கொடுப்பது?

நேசல் கேனுலா (மூக்கில் வைக்கும் சின்னக் குழாய்) 1 முதல் 6 லிட்டர்வரை. 1 லிட்டரில் ஏறக்குறைய 24 சதவீத ஆக்சிஜன், ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 4 கூடும். ஆனால் வேகமாக மூச்சு வாங்குபவருக்கு அறைக்காற்றும் நிறையக் கலந்துவிடும் என்பதால் இது உத்தேசக் கணக்குதான். சாதாரண ஃபேஸ் மாஸ்க் 5 முதல் 10 லிட்டர்வரை. 5க்குக் கீழே ஒருபோதும் இறக்காதீர்கள். வெளியே விட்ட கரியமில வாயுவையே அவர் திரும்ப இழுக்க நேரிடும். குறைக்க வேண்டுமென்றால் கேனுலாவுக்கு மாற்றுங்கள்.

நான்-ரீபிரீதருக்கு 10 முதல் 15. மாட்டுமுன் உள்ளே இருக்கும் வால்வை விரலால் மூடிப் பையை நிரப்புங்கள். மூச்சு இழுக்கும்போது பை முழுவதும் சுருங்கினால் அளவு போதவில்லை. குறிப்பிட்ட சதவீதத்தையே கொடுக்கும் வென்சூரி மாஸ்க்கில், அதில் செருகும் நிறத்துண்டின் மீதே சதவீதமும் அதற்கான லிட்டரும் அச்சாகியிருக்கும். இங்கே லிட்டரைக் கூட்டினால் சதவீதம் கூடாது, துண்டைத்தான் மாற்ற வேண்டும். புதியவர்கள் தவறாமல் குழம்பும் இடம் இது.

படி 4: கேனுலா மாட்டுவது

"ஐயா, மூக்குல சின்னதா ஒரு குழாய் வைக்கிறேன். எப்பவும் போல மூச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ஆக்சிஜனைத் திறந்த பிறகுதான் மாட்ட வேண்டும். முனைகளின் வளைவு கீழ்நோக்கி, மூக்குத்துளையின் போக்கிலேயே போக வேண்டும்; தலைகீழாக வைத்தால் மூக்கின் உட்சுவரைக் குத்தும். குழாயைக் காதுகளின் மேலே சுற்றி, தாடைக்கடியில் இருக்கும் வளையத்தை மேலே நகர்த்துங்கள். குழாய்க்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் சரி. காதின் பின்புறம் புண் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் வரும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் காதை மடக்கிப் பாருங்கள். சிவந்திருந்தால் மெத்தென்ற பஞ்சு வையுங்கள்.

படி 5: வைத்த பிறகு

குறைந்தது 5 நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் இதே 5 நிமிடம். நேரம், சாதனம், லிட்டர், சாச்சுரேஷன், மூச்சு எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதுங்கள். '95' என்று மட்டும் எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு ஒன்றும் புரியாது. அறைக்காற்றில் 95 என்பதும் 10 லிட்டரில் 95 என்பதும் ஒன்றா என்ன?

இப்போது அந்த 88-92. சிஓபிடி நோயாளிக்கு 90 காட்டுகிறது. புதிதாக வந்தவர் பதறிப்போய்க் கூட்டுகிறார். 98க்கு ஏறுகிறது, மனம் நிம்மதியாகிறது. ஒரு மணி நேரத்தில் நோயாளி அமைதியாகத் தூங்குகிறார். அது தூக்கமாக இல்லாமலும் இருக்கலாம். கூடுதல் ஆக்சிஜனால் இவர்களுக்குக் கரியமில வாயு ரத்தத்தில் ஏறும், பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அதைக் காட்டவே காட்டாது. தலைவலி, குழப்பம், நீட்டிய கை படபடவென்று அடித்துக்கொள்வது, எழுப்பினாலும் கண் சொக்குவது ஆகியவற்றைப் பார்த்தால் உடனே டாக்டரை அழைத்து, ரத்த வாயுப் பரிசோதனைக்குத் தயாராகுங்கள். அப்போதும் ஆக்சிஜனைச் சட்டென்று மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். சாச்சுரேஷன் முன்பைவிடக் கீழே விழுந்துவிடும். 88-92க்குள் வரும்படி குறைக்க வேண்டும்.

நெருப்பும் சிலிண்டரும்

ஆக்சிஜன் தானாக எரியாது, எரிவதை வெறிகொண்டு எரியவைக்கும். பீடி, சிகரெட், தீப்பெட்டி பக்கத்தில் கூடாது. காய்ந்த மூக்குக்கும் உதட்டுக்கும் வாசலின் தடவாதீர்கள், நீர் சார்ந்த ஜெல் போதும். சானிடைசர் போட்ட கை நன்றாக உலர்ந்த பிறகே மாஸ்க்கைத் தொடுங்கள். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும்போது மாஸ்க்கை எடுத்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

சிலிண்டர் வால்வில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. மெதுவாகத் திறக்க வேண்டும். நோயாளியை ஸ்கேனுக்குக் கொண்டுபோகுமுன் கணக்குப் போடுங்கள்: சிலிண்டரின் நீர்க்கொள்ளளவு 10 லிட்டர், அழுத்தம் காட்டும் கேஜில் 100 பார் என்றால், உள்ளே சுமார் 1000 லிட்டர் வாயு இருக்கிறது. நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் 200 நிமிடம். அதில் கடைசிச் சொட்டுவரை நம்பாதீர்கள். லிஃப்ட் நின்றுபோகும், ஸ்கேன் அறையில் வரிசை இருக்கும்.

நிறுத்துவது

சாச்சுரேஷன் இலக்கிலேயே நிலையாக நின்றால், ஆர்டரின்படி படிப்படியாகக் குறையுங்கள். முழுவதும் எடுத்த பிறகு 5 நிமிடம் பக்கத்தில் இருந்து பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து, 'அறைக்காற்று' என்று நேரத்துடன் எழுதுங்கள். கேனுலாவைக் கழற்றிப் படுக்கையில் போடுமுன் திருகை மூடுங்கள். பந்து அடியில் உட்கார்ந்துவிட்டதா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால் போர்வைக்குள் ஆக்சிஜன் நிறைந்துகொண்டே இருக்கும்.