இரு நாடுகளின் வாழ்க்கைத்தரத்தை ஒப்பிடுவது எப்படி?

முதலில் ஆண்டைப் பொருத்துங்கள். ஒன்றுக்கு 2019, இன்னொன்றுக்கு 2020 என்று எடுத்தால் கொரோனா நடுவில் புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

உலக வங்கித் தரவில் தனிநபர் ஜிடிபியை (மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சராசரியாக ஒருவரின் பங்கு) வாங்கும் சக்திச் சமநிலை அடிப்படையில், அதாவது நாடுகளின் விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டி, எடுங்கள். சந்தை நாணய மாற்று விகிதத்தில் கணக்கிட்டால் ஏழை நாடு உள்ளதைவிட ஏழையாகத் தெரியும். முடிதிருத்தம், வீட்டு வாடகை போன்றவை அங்கே மலிவு என்பது அதில் பதிவாகாது.

ஜிடிபியை மட்டும் நம்பவே கூடாது. அயர்லாந்தில் பன்னாட்டு நிறுவனங்களின் லாபம் அதை ஊதிக் காட்டுவதால், அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகமே திருத்திய தேசிய வருமானத்தைத் தனியே வெளியிடுகிறது.

ஏற்றத்தாழ்வை அளக்கும் கினிக் குறியீட்டிலும் கவனம் தேவை: சில நாடுகள் வருமானத்தை அளக்கின்றன, சில செலவை. செலவில் ஏற்றத்தாழ்வு பொதுவாகக் குறைவாகவே தெரியும்.

பிறகு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம். குடிநீர், ஊட்டச்சத்து, மருத்துவம் மூன்றும் எட்டுகின்றனவா என்பதை அது ஒரே எண்ணில் காட்டிவிடும்.