குதிரையிடம் அவசரப்படும்போது நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் நடந்த கடைசி ஓட்டத்தோடு முடிந்துவிட்டது. குதிரையேற்றப் பள்ளிகள் தொடர்ந்து நடக்கின்றன. அங்கே புதிதாகக் கற்க வருகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றை நானும் செய்திருக்கிறேன்.

அவற்றில் முதன்மையானது கயிற்றைப் பிடித்து இழுப்பது. லாயத்திலிருந்து திடலுக்குக் கூட்டிச் செல்ல நான் இழுக்க இழுக்க, குதிரை கழுத்தை உயர்த்தி நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிட்டது. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள விலங்கோடு யாரும் கயிறிழுத்து வென்றதில்லை. பல ஆண்டுகள் அங்கே வேலை பார்த்த சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) ஒருவர் கயிற்றை வாங்கி, லேசாக விறைப்பாகப் பிடித்தபடி பேசாமல் காத்திருந்தார். குதிரை தன் எடையை முன்பக்கமாகச் சற்றே சாய்த்த கணத்தில் கயிற்றைத் தளர்த்தினார். “இழுத்தா கத்துக்காது தம்பி, விட்டாத்தான் கத்துக்கும்” என்றார். அழுத்தம் எந்தச் செயலின்போது நீங்குகிறதோ அந்தச் செயலையே குதிரை மறுபடி செய்கிறது. ஆகவே, அது தலையை உதறும்போது நாம் சோர்ந்து கயிற்றை விட்டால், தலையை உதறத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். தவறு நடந்து சிறிது நேரம் கழித்து அதட்டுவதும் வீண்தான்; அதட்டல் எதற்கென்று அதற்குப் புரியாது, நம்மைக் கண்டு மிரள மட்டுமே பழகும்.

கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் குதிரைக்குத் தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட எல்லாமே தெரியும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. அன்பாகத் தடவத்தான் நெற்றியை நோக்கிக் கையை நீட்டுகிறோம். கை பார்வையிலிருந்து திடீரென மறைந்ததால் மிரண்டு அது தலையை வெடுக்கென்று தூக்கினால், முரட்டுக் குதிரை என்று பெயர் வைத்துவிடுகிறோம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக நெருங்கிப் பிடரியின் அடியில் சொறிந்துவிடுவது நல்லது.

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகளிடம் இன்னொரு தவறு நேர்கிறது. கடிவாளத்தை இறுக்கினால் நின்றுவிடும் என்று நாம் நம்புகிறோம்; அவற்றில் பலவோ அந்த இறுக்கத்தின்மேல் சாய்ந்தபடியே ஓடப் பழகியவை. பயந்து இறுக்க இறுக்க வேகம் கூடும்.

அசையாமல் நிற்கும் குதிரை அமைதியாக இருக்கிறது என்று எண்ணுவதும் பிழை. காது பின்னால் மடிந்து, உதடு இறுகியிருந்தால் அது பொறுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் ஊர் வெப்பத்தை மறப்பதை மட்டும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. குதிரை வாயால் மூச்சு விடாது. வியர்த்தே பெரிதும் உடலைத் தணிக்கிறது. வெப்பமண்டலத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே குறைந்துபோவதுண்டு. நாசி விரிந்து, விலா வேகமாக ஏறி இறங்கியும் உடல் உலர்ந்திருந்தால், உடனே இறங்கி, நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பயிற்சியாளரை அழைக்க வேண்டும். பணம் கட்டிய பாடத்தில் இன்னும் 15 நிமிடம் மிச்சமிருந்தாலும் சரி.