தண்டையார்பேட்டையிலிருந்து பழவேற்காடு: முதல்முறை போகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை என்றாலே நம் ஊர்க்காரர்களுக்கு மகாபலிபுரம்தான் ஞாபகம் வருகிறது. வடசென்னையில் இருந்துகொண்டு ஊரையே குறுக்கே கடந்து தெற்கே போக வேண்டுமா? கும்மிடிப்பூண்டி ரயில் நம் வீட்டுப் பக்கமாகத்தானே போகிறது. அதில் ஏறி ஒரே நாளில் பழவேற்காடு பார்த்துவிட்டு வரலாம். முதல்முறை போனபோது வரிசை தெரியாமல் திண்டாடினேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1. விடியலில் கிளம்புங்கள்

ஆறு மணி வாக்கில் கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடியுங்கள். எண்ணூர், மீஞ்சூர் தாண்டி பொன்னேரியில் இறங்க வேண்டும். நான் முதல்முறை பத்து மணிக்கு மேல் கிளம்பி, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்து, தலைவலியோடு திரும்பினேன். அங்கே நிழல் குறைவு. தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், சில்லறை, மூன்றும் பையில் இருக்கட்டும்.

2. பொன்னேரியில் பேருந்து

ஸ்டேஷனிலிருந்து பேருந்து நிலையத்துக்குப் போய் பழவேற்காடு வண்டியில் ஏறுங்கள். இறங்கும்போதே திரும்பி வரக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதான்.

3. முதலில் கல்லறைத் தோட்டம்

மற்ற எதையும் விட்டாலும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தை விடாதீர்கள். டச்சுக்காரர்கள் இங்கே வந்தது 1600களின் தொடக்கத்தில். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு நெடுங்காலம் தலைமையிடம் இதுதான். துணி வாங்க வந்தார்கள், வெடிமருந்து செய்தார்கள், ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியும் அனுப்பினார்கள்.

வாசலில் நின்று நிதானமாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். ஒன்றின் தலைமேல் மணற்கடிகாரம், இன்னொன்றின் கையில் மண்டை ஓடு. விலா எலும்புகளை விரலால் எண்ணலாம், அவ்வளவு துல்லியம். உள்ளே கோபுரம் போல எழும்பிய சமாதிகள் சில. மற்றவை தரையோடு கிடக்கும் பெரிய பெரிய கற்பலகைகள். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கி, குடும்பச் சின்னங்களும் பழைய டச்சு எழுத்துகளும் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெள்ளை. இங்கே முதலில் வரச் சொல்வது அதனால்தான். கதவு பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். பலகைமேல் உட்கார்ந்து செல்ஃபி எடுக்காதீர்கள்.

4. கோட்டை

1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை. பெரிய மதில், பீரங்கி என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனேன். "தம்பி, கோட்டை எங்கப்பா?" என்று ஒரு பையனிடம் கேட்டேன். "அதோ அந்தப் புதருதாண்ணா" என்றான். உண்மைதான். மேடும் புதரும்தான் மிச்சம். 1825இல் ஊரே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. பத்து நிமிடம் போதும்.

5. தெருக்களில் ஒரு நடை

ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புறைக்கல்லில் கட்டியது. ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அப்புறம் மகிமை மாதா கோயில். டச்சுக்காரர்களுக்கு முன்பே வந்த போர்த்துகீசியர் காலத்தது. பள்ளிவாசல் பக்கத்துத் தெருக்களில் பெண்கள் பனையோலையில் கூடையும் பெட்டியும் முடைவார்கள். பிடித்தால் அவர்களிடமே வாங்குங்கள். நான் வாங்கிய பெட்டியில் இன்றும் வெற்றிலை இருக்கிறது.

6. ஏரி, மாலை நேரத்தில்

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரியது இந்தப் பழவேற்காடு ஏரிதான். முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வரும், ஆற்று நீரும் சேரும். பெரும்பகுதி ஆந்திராவில், நமக்குத் தென்கோடிதான். எதிரே தெரியும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவுதான் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே வேலி.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்குள் போனால் பூநாரை பார்க்க வாய்ப்பு உண்டு. கணுக்கால் அளவு தண்ணீரில் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகாலேயே சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள்.

யாராவது படகில் கூட்டிப் போகிறேன் என்றால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரையிலிருந்து பார்த்தாலே போதும்.

7. கடைசியில் நண்டு

மீன் வாங்குவதை வண்டி ஏறுவதற்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். நண்டு என்றால் உயிரோடு, கயிறு கட்டியதுதான். "கைல தூக்கிப் பாரு நைனா, கனமா கீதா? அப்போ சதை கீது" என்று மீன்கார அம்மா சொல்லிக் கொடுத்தார். ஓட்டின் அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே தண்ணீர்தான்.

ஈரச் சாக்கில் சுற்றி, வாங்கிய ஓலைக்கூடையில் வைத்துவிடுங்கள். பொன்னேரியில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் கூடை மெல்ல அசையும். பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறை கூடையைப் பார்ப்பார், ஒருமுறை உங்களைப் பார்ப்பார், அப்புறம் தள்ளி உட்காருவார்.