பீட்டா செல் பாடத்தில் மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் எப்போது முதிர்கிறது என்று கேட்டால், பாதிப் பேர் "இன்சுலின் சுரக்கத் தொடங்கியதும்" என்று எழுதிவிடுவார்கள். முதல் தவறு அதுதான்.

பிறந்த எலிக்குட்டியின் பீட்டா செல்லிலும் இன்சுலின் இருக்கும். எப்போது, எவ்வளவு விடுவது என்றுதான் அதற்குத் தெரியாது. ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3 மில்லிமோலுக்குக் கீழே கிடந்தாலும் கசியவிடும். ஏறும்போது போதுமான அளவு விடாது. சர்க்கரையைப் பார்த்துச் சுரக்கப் பழகினால்தான் முதிர்ச்சி.

அடுத்தது, மரபணு என்றாலே முடுக்கிவிடும் சமாச்சாரம் என்று நினைப்பது. பிடிஎக்ஸ்1, என்கேஎக்ஸ்6.1, மாஃப்ஏ என்று கடகடவென ஒப்பிக்கிறார்கள். சரி, இவை டிஎன்ஏவில் ஒட்டி மற்ற மரபணுக்களை இயக்கும் புரதங்கள்தாம். ஆனால் எதை மூடி வைக்க வேண்டும் என்பதையும் பீட்டா செல் கற்க வேண்டும். எம்சிடி1 என்று ஒரு புரதம். சர்க்கரை சிதையும்போது உருவாகும் லாக்டேட்டும் பைருவேட்டும் செல்லுக்குள் நுழையும் வாசல் அது. உடம்பின் பல செல்களில் இது உண்டு. முதிர்ந்த பீட்டா செல்லில் அதன் மரபணு அடக்கப்பட்டிருக்கும். அடக்கம் தவறினால்? பெர்டானா பூங்காவில் ஒருவர் வேகமாக ஓடுகிறார் என்று வையுங்கள். தசையிலிருந்து கிளம்பும் பைருவேட் பீட்டா செல்லுக்குள் புகுந்து எரிகிறது. சர்க்கரைதான் ஏறிவிட்டது என்று ஏமாந்து செல் இன்சுலினை விடுகிறது. ஓடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். கதையில்லை, இப்படி ஒரு பரம்பரைக் கோளாறே உண்டு. 2007இல் காரணம் தெரிந்தது: புரதத்தின் செய்முறையில் பிழையே இல்லை, மரபணுவை எங்கே, எவ்வளவு இயக்குவது என்று தீர்மானிக்கும் முன்பகுதியில்தான் பிழை. மரபணு ஒழுங்குமுறைக்கு நான் வகுப்பில் வேறு உதாரணம் தேடுவதில்லை.

முதிர்ந்த செல் அப்படியே இருக்கும் என்பதும் தப்பு. 2012இல் வந்த சுண்டெலி ஆய்வில், பீட்டா செல்லிலிருந்து ஃபாக்ஸோ1 மரபணுவை நீக்கி, வயது, பிரசவம் போன்ற சுமைகளுக்கு உள்ளாக்கியபோது, செல்கள் பல சாகவில்லை. இன்சுலினை விட்டுவிட்டு இளம்பருவ மரபணுக்களைத் திரும்ப இயக்கின. இனிப்பு நீர் (நீரிழிவு) என்றால் செல் செத்துப்போனது என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அப்புறம், எலியில் நடப்பதெல்லாம் மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று நினைப்பது. சுண்டெலியின் பீட்டா செல்லில் பிறந்த பிறகு மாஃப்பி (மாஃப்ஏவின் உறவுப் புரதம்) விலகி மாஃப்ஏ இடம்பிடிக்கும். மனிதரிலோ வளர்ந்த பின்னும் மாஃப்பி இருக்கிறது. அதனால் இணையத்தில் அழகான படம் கிடைத்தால், கீழே எந்த உயிரினம் என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்துவிட்டு நோட்டில் வரையுங்கள்.