கஸ்தூரி மஞ்சள்: தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

"நல்லா செழிப்பா வந்துச்சு, தை மாசம் செத்துப்போச்சு." கஸ்தூரி மஞ்சளைப் புதிதாகத் தொட்டியில் வைப்பவர்கள் ஆண்டுதோறும் சொல்வது இது. ஆரம்பத்தில் எல்லோரும் செய்த அதே தவறுகள்தான். வெயில், எரு, பூச்சி பற்றியெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறார்கள், அவற்றை விட்டுவிடலாம்.

மஞ்சளாகும் இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் தானாக வளரும் செடி இது. கோடை மழையில் விழித்து, தென்மேற்குப் பருவத்தில் இலை தழைத்து, மழை ஓய்ந்ததும் மேலே எல்லாம் காய்ந்து மண்ணுக்குள் உறங்கிவிடும். சென்னை, கடலூர், நாகைப் பக்கம் பெருமழை கொட்டுவதோ ஐப்பசி, கார்த்திகையில். செடி படுக்கப்போகும் நேரம் பார்த்துத் தொட்டி நிரம்புகிறது.

அது போதாதென்று, இலை பழுத்ததும் பசி என்று நினைத்து ஒரு கை யூரியா, தாகம் என்று நினைத்து இரண்டு வேளைத் தண்ணீர். இலையில்லாத செடி தண்ணீரை இழுக்காது. ஈரம் அப்படியே நிற்கும். பித்தியம் என்ற அழுகல் கிருமி புகுந்துவிடும். தோண்டிப் பார்த்தால் தோல் முழுசாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் கனிந்த வாழைப்பழம்போல் உள்ளே போகும், கலங்கல் நீர் வழியும். கற்பூர வாசனை போய் அழுகல் நாற்றம் அடிக்கும். எட்டு மாத வளர்ச்சி இரண்டே வாரத்தில் கூழாகிவிடும். தானாகவே பிழைத்துக்கொள்ளும் கிழங்கை அக்கறையால் கொல்வதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

செய்ய வேண்டியது: ஐப்பசி பிறந்ததும் தொட்டியை மழை படாத சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துங்கள். அடித்தட்டை எடுத்துவிடுங்கள். பாதி இலை பழுத்தால் தண்ணீரைப் பாதியாக்குங்கள். எல்லா இலையும் சாய்ந்தால் அடியோடு நிறுத்துங்கள். பச்சை இலையை வெட்ட வேண்டாம், அதன் சத்து இன்னும் கிழங்குக்கு இறங்கிக்கொண்டிருக்கும். சித்திரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைத் தொடங்கினால் போதும்.

ஏற்கெனவே அழுகியிருந்தால், கெட்டியான சதை தெரியும்வரை வெட்டி எறிந்து, வெட்டுவாயில் சாம்பல் தடவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்திப் புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணில் இஞ்சியோ மஞ்சளோ வைக்காதீர்கள்.

முளைத்ததா என்று கிளறுவது

சித்திரை, வைகாசியில் இலைக்கு முன்பே பூத்தண்டுதான் கிழங்கிலிருந்து நேராக மண்ணைப் பிளந்து வரும். விரல் பட்டாலே குருத்து ஒடியும். ஒடிந்தால் அந்தக் கிழங்கில் அந்த வருடத்துப் பூ போச்சு. நுனியில் இளஞ்சிவப்பாகத் தெரிபவை பூக்கள் அல்ல, பூவடிச் செதில்கள். கீழேயுள்ள பச்சைச் செதில்களின் பைக்குள் எட்டிப் பாருங்கள், சின்ன மஞ்சள் பூ இருக்கும்.

வேறு கிழங்கை வாங்கி ஏமாறுவது

கடைகளில் கஸ்தூரி மஞ்சள் என்று பூலாங்கிழங்கு வகைகளும் விற்கப்படுகின்றன. இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கஸ்தூரி மஞ்சள் வெல்வெட்போல் மெத்தென்று இருக்கும். சமையல் மஞ்சளின் இலை வழவழப்பு. நடு நரம்பை ஒட்டிக் கருஞ்சிவப்புப் பட்டை ஓடினால் அது வேறு செடி. கிழங்கை வெட்டினால் உள்ளே வெளிர் நிறம், கற்பூர வாசனை. சமையல் மஞ்சளின் ஆரஞ்சு நிறம் இருக்கவே கூடாது.

ஆழப் புதைப்பது

5 செ.மீ. போதும், முளை மேலே பார்க்கட்டும்.

சின்னத் தொட்டி

கிழங்கு பக்கவாட்டில் ஓடும். 12 அங்குல அகலமாவது வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு.

காட்டில் தோண்டி எடுப்பது

வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். வளர்ப்பவரிடம் ஒரு முளையுள்ள துண்டு கேட்டு வாங்குங்கள்.